தங்கமணியம்மாள் திமிங்கிலத்துக்குப் பேன் பார்த்தது

மார்த்தா தன் ஐம்பத்தெட்டாவது வயதில் முதல்முறையாக ஒரு முகப் பவுடர் டப்பா வாங்கினாள். முகத்துக்கு அல்ல. முகத்துக்குத் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசினால் போதும் என்பது அவள் கட்சி. டப்பாவை அடுப்படித் தரையில் கவிழ்த்து, சல்லடையில் மாவு தூவுகிற மாதிரி மெல்லிசாகத் தூவினாள். "பெரியம்மா, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி, மூன்று மாடி இறங்கினாள்.

பெரியம்மா என்பது தங்கமணியம்மாள். எழுபத்தேழு வயது. யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் ஓடையை ஒட்டிய தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாற்பது வருஷமாகக் குடியிருப்பவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. தங்கமணியம்மாள் மட்டும் "முடியலையே" என்று சக்கர நாற்காலியை விட்டு இறங்க மறுத்துவந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் மார்த்தா.

மார்த்தாவுக்கு உறுத்தியது பனைவெல்லம். டப்பாவில் இருந்த பனைவெல்ல உருண்டைகள் நாளுக்கு மூன்று வீதம் குறைந்துகொண்டு வந்தன. டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றினாள். குறைந்தது. அதற்கும் மேல் தட்டுக்கு ஏற்றினாள். அங்கேயும் குறைந்தது. எலி மூடியைத் திறந்து தின்றுவிட்டு மறுபடி மூடி வைக்காது.

அரை மணி கழித்துக் காய்கறியோடு திரும்பினாள். தங்கமணியம்மாள் விட்ட இடத்தில், பால்கனிப் பக்கம் நாற்காலியில், சாது போல உட்கார்ந்திருந்தார். மார்த்தா அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரு வந்தா வீட்டுக்கு?"

"யாரும் வரலையே."

"காலு ரெண்டு வந்திருக்கு. வலது காலு நல்லா ஊனுது. இடது காலு குதிகால ஊனவே இல்ல, விரலாலயே தாண்டித் தாண்டிப் போயிருக்கு. வெல்லம் தின்னதப் பத்தி அப்புறம் பேசுவோம். நடக்கிறது தப்பா நடக்குறீங்க பெரியம்மா. இப்படி ஒரு மாசம் நடந்தா முதுகு போயிடும்."

தங்கமணியம்மாள் தன் பாதங்களைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. "அடிப்பாவி, பவுடரா?" என்று கேட்டுவிட்டு, தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. மகன் சிவராஜ் அமெரிக்காவில் சான் டியேகோவில் எஞ்சினியர். நல்ல பிள்ளை. எதற்கும் ஒரு திட்டம் போடுகிறவன். அம்மா விழுந்ததும் அதற்கும் ஒன்று போட்டான்: அம்மா நடக்கும்வரை மார்த்தா அக்கா இருப்பார், நடந்துவிட்டால் மார்த்தா அக்கா தேவையில்லை, துணைக்குச் சாந்தகுமாரி வந்து தங்குவாள். சாந்தகுமாரி, தங்கமணியம்மாளுடைய நாத்தனார் மகள். கல்யாணம் ஆகாதவள். அதே நகரில் தின்கன்ஜூன் பகுதியில் பஜனைக் குழு நடத்துகிறவள். மீன் வாசனை வந்தால் மூக்கை மூடுகிறவள்.

"அவ வந்தா முதல் நாளே என் ஙாப்பி ஜாடியத் தூக்கி ஓடையில போடுவா" என்றார் தங்கமணியம்மாள். மீனை ஊறவைத்து இடித்த அந்த விழுது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. "காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுப் பாட்டுப் பாடுவா. டிவியில சீரியல் பார்த்தா பாவம்பா. சீட்டுக்கட்டு எடுத்தா மகாபாவம்பா. நான் நடந்தேன்னு வையி, நீ போயிடுவ, அவ வந்துடுவா. அதான் நடக்கல."

மார்த்தா காய்கறியைத் தரையில் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தாள். யோசிக்க வேண்டியிருந்தால் அவளுக்குக் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

அவளுடைய சொந்த ஊர் தின்கன்ஜூன்தான். அப்பா முனிசிபாலிடியில் குமாஸ்தா. மார்த்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணம் ஆகி, கணவன் பிலிப் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். அவர் முதுகில் புண் வந்தது. ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் புண் வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் போன பிறகு, நாற்பத்தேழு வயதில், தன் மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து மூன்று மாதம் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். சிங்கப்பூரில் எட்டு வருஷம் வேலை. ஐம்பத்தைந்து ஆனதும் அங்கே அனுப்பி வைத்தவர்கள் வயதைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். தங்கமணியம்மாள் வீடு, ஊர் திரும்பிய பிறகு கிடைத்த மூன்றாவது வீடு. முதல் இரண்டு வீட்டிலும் அவளைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். இந்தக் கிழவி சீட்டில் ஏமாற்றுவார். ஆனால் சாப்பிடும்போது எதிரே உட்காரச் சொல்வார்.

கீரைக் கட்டைப் பிரித்து முடித்ததும் மார்த்தா தன் முடிவைச் சொன்னாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். உங்க மகன் என்னைப் பார்த்து நேரா கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். கேக்காத வரைக்கும் நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா தினம் மதியம் ஒரு மணிக்குக் கதவைத் தாள் போட்டுட்டு, கூடத்துல இருபது சுத்து நடக்கணும். குதிகால ஊனி."

"இருபதா?"

"வெல்லம் தின்ன நாள் இருபத்தஞ்சு."

அப்படியே நடந்தது. கட்டடம் முழுக்கத் தூங்குகிற மதிய நேரத்தில் தங்கமணியம்மாள் இடுப்பில் சுற்றிய லொஞ்சித் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சுற்றினார். மார்த்தா தினமும் மாலையில் சிவராஜுக்குச் செய்தி அனுப்புவாள். "இன்று உடற்பயிற்சி முடிந்தது. பசி நன்றாக இருக்கிறது. மாலை சக்கர நாற்காலியில் பால்கனிக்கு வந்தார்." எல்லாம் உண்மை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டே அனுப்புவாள்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம் தை மாதம் சிவராஜ் இருவரையும் சான் டியேகோவுக்கு அழைத்துக்கொண்டான். அங்கிருந்த டாக்டரும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பில் குறை இல்லை என்றார். "மனசுல உற்சாகம் இல்ல, அதான்" என்று சிவராஜ் முடிவுகட்டி, உற்சாகத்துக்கும் ஒரு திட்டம் போட்டான். எல்லை தாண்டி மெக்சிகோ பக்கம் சின்ன விமானத்தில் போனால் சான் இக்னாசியோ என்று ஒரு கடல் காயல். வடதுருவப் பக்கத்திலிருந்து சாம்பல் திமிங்கிலங்கள் இறங்கி வந்து குட்டி போடுகிற இடம். குட்டியைக் கூட்டிக்கொண்டு படகுக்குப் பக்கத்திலேயே வருமாம். மனிதர் கையால் தொடலாமாம்.

"பிள்ளை பெத்தவ கிட்ட ஊர்க்காரன் எல்லாம் போய் நிக்கிறதா? தீட்டு கழிஞ்சுதா அவளுக்கு?" என்று கேட்டார் தங்கமணியம்மாள்.

காயல் கரையில் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். காலைப் படகில் மூவரும் போனார்கள். திமிங்கிலங்கள் தூரத்தில் மூச்சு விட்டு நீரைப் பீய்ச்சியதோடு சரி. சிவராஜுக்குத்தான் வயிற்றைப் புரட்டி, கரை வரும்வரை தலையைத் தூக்க முடியவில்லை. மத்தியானப் படகுக்கு அவன் வரவில்லை. கூடாரத்துக் கட்டிலில் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். சக்கர நாற்காலியை மணலில் விட்டுவிட்டு இரண்டு ஆட்கள் தங்கமணியம்மாளைத் தூக்கிப் படகின் பலகையில் உட்கார வைத்தார்கள். மார்த்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே கனடா நாட்டு அம்மாள் ஒருவர், கழுத்தில் பெரிய கேமரா. வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் விதிகளைச் சொன்னாள். மார்த்தா தமிழில் சொன்னாள்.

"யாரும் எந்திரிச்சு நிக்கக் கூடாது."

"நான் எங்கடி நிக்கிறேன்? நான் நொண்டி" என்றார் தங்கமணியம்மாள், கண்ணைச் சிமிட்டி.

படகுக்காரன் எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு அடியில் வெளிறிய நிழல் ஒன்று படகைவிட நீளமாக நகர்ந்து போனது. போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. அந்த நிழல் திரும்பி வந்து, தன் முதுகின் மேல் எதையோ தாங்கி மேலே தள்ளியது. படகின் விளிம்பை ஒட்டிக் குட்டியின் தலை வெளியே வந்தது. குட்டி என்று பெயர்தான். இரண்டு எருமையை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால்கூட அந்த நீளம் வராது. மாம்பழம் அளவு கண். அது படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

எல்லாரும் கையை நீட்டினார்கள். மார்த்தாவும் விளிம்புக்கு நகர்ந்து நீட்டினாள். அவித்து உரித்த முட்டையைத் தொடுகிற மாதிரி இருந்தது. அமுக்கினால் நனைந்த ரப்பர் செருப்பு மாதிரி. 'தோல் நல்ல தோல், வறட்சி இல்லை' என்று நினைத்தாள். அவள் எந்த உடம்பைத் தொட்டாலும் முதலில் அப்படித்தான் நினைப்பாள்.

தங்கமணியம்மாளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார். குட்டியின் வாயோரத்திலும் மூச்சுத் துளையைச் சுற்றியும் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னதாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தன. "திமிங்கிலப் பேன், நண்டு இனம்" என்று வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்த்தா அதையும் தமிழில் சொன்னாள். சொன்னதுதான் தப்பு.

"பேனா!"

அடுத்த நொடி தங்கமணியம்மாள் எழுந்து நின்றார். முதலில் மார்த்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு பிடிக்காமல். இரண்டு எட்டு வைத்து விளிம்பில் முழங்காலை முட்டுக் கொடுத்து, குனிந்து, இரண்டு கையாலும் குட்டியின் தலையைத் தன் பக்கம் திருப்பினார். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்றபடி ஒன்றைப் பிடுங்கினார். அது கொக்கிக் காலால் விடாமல் பற்றியிருந்தது, விடுவாரா? பிடுங்கி எடுத்து, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கினார். நசுங்கவில்லை, நண்டு ஓடு. கடலில் சுண்டிவிட்டு அடுத்ததைத் தேடினார்.

"எம்மாம் பெரிய பேனு! பெத்தவ பார்க்கிறதில்லையா இதையெல்லாம்?"

படகுக்காரன் அவன் மொழியில் கத்தினான். மார்த்தா பின்னாலிருந்து தங்கமணியம்மாளின் மிதவைச் சட்டைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். "உக்காருங்க பெரியம்மா! குதிகாலு! குதிகால ஊனுங்க!" என்று என்னவெல்லாமோ கத்தினாள். குட்டி நகரவில்லை. தலையைச் சாய்த்து மறுபக்கத்தைக் காட்டியது. யாங்கோன் தெருக்களில் மாலை நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கொடுக்கிற எந்தக் குழந்தையையும் போல அசையாமல் கிடந்தது.

நாலாவது பேனில் தாய் மேலே வந்தது. படகுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை எழுவது போல எழுந்து, 'புஸ்' என்று மூச்சு விட்டது. படகில் அத்தனை பேரும் நனைந்தார்கள். அழுகிய முட்டைக்கோசும் மீன் மார்க்கெட்டும் கலந்த நாற்றம். பிறகு அதுவும் தன் தாடையைக் கொண்டுவந்து விளிம்பில் வைத்தது.

"பாரு, இவளும் வந்துட்டா" என்றார் தங்கமணியம்மாள். "உடம்பு இளைச்சிருக்காடி. என்ன சாப்பிடுறா?"

வழிகாட்டியைக் கேட்டு மார்த்தா சொன்னாள். இங்கே வந்ததிலிருந்து பெரிதாக ஒன்றும் சாப்பிடாதாம். உடம்புக் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்குமாம்.

"வெறும் வயித்தோடயா? நல்ல பூண்டுக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்ல" என்று சொல்லி அந்தத் தாடையைத் தட்டிக் கொடுத்தார்.

திமிங்கிலங்கள் போன பிறகு வழிகாட்டிப் பெண், தொடலாம், பிடுங்கக் கூடாது என்று கண்டித்தாள். மார்த்தா மன்னிப்புக் கேட்டாள். தங்கமணியம்மாள், "பெத்தவளே ஒண்ணும் சொல்லல, இவளுக்கென்ன?" என்றார். நல்லவேளை, அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கரையில் சிவராஜ் வெளுத்த முகத்தோடு கேட்டான். "பார்த்தீங்களாம்மா?"

சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்த தங்கமணியம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து விளிம்புக்குக் கை எட்டாது என்பது காலையில் அதே படகில் போன அவனுக்குத் தெரியும். "பார்த்தோம்ப்பா" என்றார். "பெருசா இருந்துச்சு."

கனடா அம்மாள் அன்று மாலையே மார்த்தாவின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். படத்தில் தங்கமணியம்மாள் எழுந்து நிற்கிறார். இரண்டு கையும் குட்டியின் தலையில், நாக்கு பல்லிடுக்கில். பின்னால் மார்த்தா பட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. தங்கமணியம்மாள் அதை நூறு தடவை பார்த்தார். தன் வாழ்க்கையிலேயே நல்ல படம் இதுதான் என்றார். இதை யாருக்கும் காட்ட முடியாது என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

பங்குனியில் பசுந்தாங் திரும்பினார்கள். வாயைத் திறப்பதில்லை என்று தங்கமணியம்மாள் சத்தியம் செய்திருந்தார். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள், கீழே டீக்கடை வைத்திருக்கும் மீரா முகைதீன் நலம் விசாரிக்க மேலே வந்தார்.

"அமெரிக்காவுல என்னக்கா பார்த்தீங்க?"

"திமிங்கிலக் குட்டிக்குப் பேன் பார்த்தேன்."

முகைதீன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. பால்கனிக்கு வந்தால் கீழேயிருந்து குரல் வரும்: "தங்கமணியக்கா, ஓடையில முதலை ஒண்ணு வந்திருக்கு, தலை வாரி விடுறீங்களா?"

தங்கமணியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "காட்டுடி அந்தப் படத்த, அவன் மூஞ்சியில தூக்கி எறியிறேன்" என்பார். "காட்டுங்க. சாயங்காலம் உங்க மகன் பார்ப்பாரு, காலையில சாந்தகுமாரி வருவாங்க" என்பாள் மார்த்தா. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். கையும் திமிங்கிலத் தலையும் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டிக் காட்டினார்கள். முகைதீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கை யாருதோ. இது லாரி டயருதானே?"

மறுநாள் இடுப்பு வரைக்கும் தெரியும்படி வெட்டினார்கள். அவர் இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "அக்கா, உக்காந்திருக்கிறவங்க இடுப்பு படகு விளிம்புக்கு மேல இவ்வளவு உசரத்துல வருமா? ஸ்டுடியோவுல ஒட்ட வச்சிருக்கான். உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

விளையாட்டு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கோயில் பிரசாதத்தோடு சாந்தகுமாரி வந்தாள். கதை அவள் காதுக்கும் போயிருந்தது. அவள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அத்தை, இன்னிக்கு என்ன கிழமை?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

தங்கமணியம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கோபம் வந்தால் அவருக்குக் குறும்பும் கூடவே வரும். "இன்னிக்கா? தீபாவளி" என்றார். "எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?"

சாந்தகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். போன கையோடு சிவராஜுக்குச் செய்தி எழுதிவிட்டாள்: அத்தைக்கு மூளை தடுமாறுகிறது. திமிங்கிலத்துக்குப் பேன் பார்த்ததாகச் சொல்கிறார். கிழமை தெரியவில்லை. நடக்கவும் முடியாதவரை ஒரு ஆளிடம் விட்டுவைப்பது சரியில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சிவராஜ் வீடியோவில் வந்தான். அவனுக்கு அங்கே முந்தைய நாள் சாயங்காலம். சாந்தகுமாரி பெட்டியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகைதீன் டீ கொண்டுவந்தவர், விஷயம் பெரிது என்று தெரிந்ததும் போக மனமில்லாமல் கதவோரம் நின்றார். மார்த்தா தேவாலயத்துக்குக் கிளம்பிய புடவையோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய கைப்பேசி அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. மேசை மேலிருந்த சாந்தகுமாரியின் கைப்பேசியில் சிவராஜின் முகம் தெரிந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். சாந்தகுமாரி இன்னிக்கே வந்து தங்கிடட்டும். மார்த்தாக்கா, இது உங்களால மட்டும் முடியாது. நீங்க ஒண்ணு சொல்லுங்க. உண்மையைச் சொல்லணும். நான் வராத அந்தப் படகுல அம்மா என்ன பண்ணாங்க?"

நேராகக் கேட்டுவிட்டான்.

"குட்டிக்குப் பேன் பார்த்தாங்க தம்பி" என்றாள் மார்த்தா. "நாலு பேன். பிடுங்கக் கூடாதுன்னு வழிகாட்டிப் பொண்ணு திட்டுச்சு."

திரையில் சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மார்த்தா அக்காவும் அம்மாவின் பக்கம் சேர்ந்து மழுப்புகிறார் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. சாந்தகுமாரி "பாருங்க, இவங்களும்..." என்று ஆரம்பித்தாள்.

மார்த்தா குனிந்து தங்கமணியம்மாளின் காதில் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை, அந்தக் கிழவிக்கு வலது காது மந்தம். "படத்தக் காட்டினா நான் போகணும். காட்டலைன்னா இவங்க வருவாங்க, பைத்தியம்னு பேரும் வரும். உங்க காலு, உங்க படம். நீங்கதான் சொல்லணும்."

தங்கமணியம்மாள் சாந்தகுமாரியின் பெட்டியைப் பார்த்தார். மார்த்தாவைப் பார்க்கவில்லை. நாற்காலியின் பிரேக்கை இரண்டு பக்கமும் போட்டார். மார்த்தா சொல்லிக் கொடுத்தபடி முன்னுக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, கையை ஊன்றி எழுந்தார். அடுப்படி வரை ஒன்பது எட்டு. குதிகாலை ஊனி ஊனி நடந்தார். சார்ஜர் கம்பியைப் பிடுங்கி, கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒன்பது எட்டு திரும்பி வந்தார். மார்த்தா ஒரு விரலும் நீட்டவில்லை. முகைதீன் டீத் தட்டோடு சுவரில் ஒட்டி நின்று வழிவிட்டார்.

"அவனுக்கு அனுப்புடி" என்றார். "வெட்டாம அனுப்பு."

படம் போய்ச் சேர்ந்தது. சிவராஜ் வெகுநேரம் பார்த்தான். கடைசியில், "மிதவைச் சட்டைக்குக் கீழ் பக்கிள் போடலையேம்மா" என்றான். பிறகுதான் கேட்டான். "எத்தனை மாசமா நடக்குறீங்க?"

"நடக்குறியான்னு நீ எங்கப்பா கேட்ட? நடந்தா என்ன செய்யறதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்த."

"மார்த்தாக்கா, நீங்களுமா?"

மார்த்தா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நான் எழுதினதுல ஒண்ணும் பொய் இல்ல தம்பி. ஆனா சொல்ல வேண்டியதச் சொல்லல. அது தப்புதான். எனக்கும் இந்த வேலை வேண்டியிருந்துச்சு. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

"நான் உங்களப் போகச் சொல்லலையே..."

"நீங்க சொல்ல வேண்டாம். இவங்களுக்கு இப்ப ஆள் தேவையில்ல. நான் இருந்தா சோம்பேறி ஆயிடுவாங்க."

தங்கமணியம்மாள் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை இருந்த மிடுக்கு முகத்தில் இல்லை. பிறகு அவர் சாந்தகுமாரியின் பக்கம் திரும்பினார். "நடக்கிறவளுக்குத் துணை எதுக்கு? பெட்டியை எடுத்துக்கம்மா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பஸ்ஸுல கூட்டம் இருக்காது."

முகைதீன் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அல்லா, நிஜந்தான்" என்றார். "பின்னால தொங்கிக்கிட்டு இருக்கிறது யாருக்கா? பேய் மாதிரி?"

மாதக் கடைசியில் மார்த்தா போனாள். ஆற்றுப் பாலம் தாண்டித் தன்லியினில் ஒரு வீடு கிடைத்தது. ஓய்வு பெற்ற துறைமுக அலுவலர் தேவநேசன். எண்பத்தொரு வயது, பக்கவாதம், பேச்சு குழறும், கோபம் மட்டும் தெளிவாக வரும். போகும்போது இருவரும் அழவில்லை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று மார்த்தா மறுபடியும் சொன்னாள். "தெரியும் போ" என்றார் தங்கமணியம்மாள். அன்று மதியம் அவர் இருபது சுற்று நடந்தாரா என்று மார்த்தாவுக்குத் தெரியாது. தன்லியினில் தேவநேசனைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்திலெல்லாம் அவள் ஒரு மணி ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள். அதைக் கெட்ட பழக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தங்கமணியம்மாள். முகமெல்லாம் வேர்வையில் தனக்கா கோடு கோடாக வழிந்திருந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் கைத்தடி. கூட யாரும் இல்லை.

"எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுல. மூணு மாடி இறங்கி, பஸ் ஏறி, பாலம் தாண்டி. ஒரு பையன் எந்திரிச்சு இடம் குடுத்தான், வேண்டாம்னுட்டேன். அப்புறம் கால் வலிச்சுது, அவனை எழுப்பிட்டு உக்காந்துக்கிட்டேன். உன் புது ஆளு எங்க? திமிங்கிலம்னா தெரியுமா அவருக்கு?"

உள்ளேயிருந்து தேவநேசன் யாரடா அது என்று உறுமினார்.

"தனியா வந்திருக்கீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு? பாதி வழியில விழுந்திருந்தா? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?" மார்த்தா திட்டிக்கொண்டே அவரை முன்னறையில் உட்கார வைத்தாள். காலை முக்காலியில் தூக்கி வைத்து, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்தாள். விழவில்லை. முழங்காலைத் தொட்டாள், சூடு இல்லை. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"வலிக்காம? கைத்தடிய இடது கையில பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. விழுந்தது எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்ப தடி வலது கையில இருக்கணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

தங்கமணியம்மாள் தடியை வலது கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அடுத்த வியாழக்கிழமை வர்றப்ப இந்தக் கையிலதான் இருக்கணும்" என்றாள் மார்த்தா. "பத்து மணி பஸ்ஸுல வாங்க. அதுல கூட்டம் குறைவு."